நாகசாகிக்கு ஒரு பகல் போதுமா?

அக்டோபரில் வயதான பெற்றோருடன் ஜப்பானின் ஃபுகுவோகா நகருக்குச் செல்லவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: காலையில் கிளம்பி நாகசாகியைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிட முடியுமா, அணுகுண்டு நினைவிடங்களைத் தவிர அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது, முழங்கால் வலி உள்ள தாயாரும் சைவம் மட்டுமே உண்ணும் தந்தையாரும் அங்கே சமாளிப்பார்களா?

போய்த் திரும்ப முடியும். ஃபுகுவோகாவின் ஹகாத்தா நிலையத்தில் ஏறினால் வழியில் தகேயோ ஓன்சென் என்ற இடத்தில் அதே நடைமேடையின் எதிர்ப்புறத்தில் காத்திருக்கும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு மாறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நாகசாகியில் இறங்கிவிடலாம். 2022 செப்டம்பரில் திறக்கப்பட்ட இந்தப் புதிய பாதை வந்த பிறகு ஒருநாள் பயணம் இன்னும் எளிதாகிவிட்டது. ஆனாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள். ஒரே பகலில் வருகிறவர்கள் பெரும்பாலும் நிலையத்திலிருந்து நேராக அருங்காட்சியகத்துக்கும் அமைதிப் பூங்காவுக்கும் போகிறார்கள். மிஞ்சிய நேரத்தில் ஒரு தேவாலயத்தையும் ஒரு கிண்ணம் நூடுல்ஸையும் முடித்துக்கொண்டு வண்டியேறுகிறார்கள். அழிவைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே தவிர, அழிந்தது எது என்பதை அறிந்துகொள்வதற்கு அவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. எனவே துறைமுகத்தை முதல் நாளும், குண்டு விழுந்த உராகாமிப் பள்ளத்தாக்கை இரண்டாம் நாளும் பார்க்கும்படி திட்டமிடுங்கள். இந்த வரிசையை ஏன் வற்புறுத்துகிறேன் என்பது கீழே போகப் போக விளங்கும்.

முதலில் ஊரின் அமைப்பு. நாகசாகி கியூஷூ தீவின் மேற்கு ஓரத்தில், நீண்டு குறுகி உள்ளே நுழையும் ஒரு விரிகுடாவின் தலைமாட்டில் இருக்கிறது. மூன்று பக்கமும் மலை; சமநிலம் மிகக் குறைவு; வீடுகள் சரிவுகளில் அடுக்கடுக்காக ஏறிச் செல்கின்றன. கடலை நோக்கி இரண்டு பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. நகாஷிமா ஆறு ஓடும் கிழக்குப் பள்ளத்தாக்கில்தான் பழைய வணிக நகரம் வளர்ந்தது. உராகாமி ஆறு ஓடும் வடக்குப் பள்ளத்தாக்கு நெடுங்காலம் நகருக்கு வெளியே உள்ள உழவர் கிராமமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே மலை முகடு. இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், ஊரில் காணும் பாதிக் காட்சிகளுக்குக் காரணம் தானாகப் புரியும்.

1571இல் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வந்து நங்கூரமிடும் வரை நாகசாகிக்கு வரலாற்றில் பெரிய இடமில்லை. கிறிஸ்தவத்தைத் தழுவிய முதல் ஜப்பானியப் பிரபுவான ஓமுரா சுமிதாதா இந்தத் துறைமுகத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார். 1580இல் ஊரையே ஏசு சபையினருக்கு ஒப்படைத்தார். சீனக் கரையில் உள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து பட்டு வந்தது, இங்கிருந்து வெள்ளி போனது. கூடவே தேவாலயங்களும் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள் ஜப்பானை ஒன்றிணைத்த ஆட்சியாளர் ஹிதெயோஷி ஊரைத் தம் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டார். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. கிறிஸ்தவ உழவர்கள் எழுப்பிய ஷிமபாரா கிளர்ச்சி அடங்கியதை அடுத்து, 1639இல் போர்ச்சுகீசியர் அடியோடு வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஐரோப்பியர் எவரும் ஜப்பானில் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் இந்த ஊரின் கரையோரத்தில் மண் கொட்டி எழுப்பிய ஒரு செயற்கைத் தீவுதான்.

அந்தத் தீவு டெஜிமா. உங்கள் முதல் நாளை அங்கேதான் தொடங்க வேண்டும். நாகசாகி வணிகர்கள் 25 பேரின் பணத்தில் 1634 முதல் 1636 வரை கட்டப்பட்ட, விசிறி வடிவிலான இந்தத் தீவின் மொத்தப் பரப்பு ஒன்றரை ஹெக்டேர் அளவுதான். போர்ச்சுகீசியரை அடைத்துவைப்பதற்காகக் கட்டியது, அவர்கள் போனதும் வெறுமையாகக் கிடக்க, 1641இல் ஹிராதோ என்ற தீவில் இருந்த டச்சுக்காரர்கள் இங்கே மாற்றப்பட்டார்கள். கரையோடு இணைக்க ஒரே ஒரு பாலம். அனுமதியின்றி டச்சுக்காரர் வெளியே வர முடியாது, ஜப்பானியர் உள்ளே போக முடியாது. வணிகத் தலைவரும் எழுத்தர்களும் ஒரு மருத்துவருமாகச் சிறு கூட்டம் மட்டும் அங்கே வாழ்ந்தது. அடுத்த கப்பல் காற்றுப் பருவம் பார்த்து வரும் வரை அவர்களுக்கு உலகம் அவ்வளவுதான்.

இன்று போகிறவர்கள் கடலைத் தேடி ஏமாந்துவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய கடல்தூர்ப்புப் பணிகளால் சுற்றிலும் நிலமாகிவிட்டது. டிராம் வண்டியும் அலுவலகக் கட்டடங்களும் தீவைச் சூழ்ந்திருக்கின்றன. நகராட்சி பல பத்தாண்டுகளாகப் பொறுமையாக நிலங்களை வாங்கி, அகழ்ந்து பார்த்து, பழைய வரைபடங்களையும் மாதிரிகளையும் ஒப்பிட்டு, வீடுகளையும் கிடங்குகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் எழுப்பியிருக்கிறது. 2017இல் நுழைவாயிலுக்குப் புதிய பாலமும் கட்டப்பட்டதால், அன்று போலவே ஆற்றைக் கடந்து உள்ளே போகலாம். தலைவரின் இல்லத்தில் தரையில் தாதாமிப் பாய். சுவரிலும் கூரையிலும் ஜப்பானிய அச்சுத்தாள். அந்தப் பாயின் மேல் நாற்காலிகளும் வெள்ளைத் துணி விரித்த நீண்ட உணவு மேசையும். இரண்டு வாழ்க்கை முறைகள் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே அறையில் இருந்த விதத்தை அந்த இடத்தில் நின்றுதான் உணர முடியும். வளாகத்தில் உள்ள பதினைந்தில் ஒரு பங்கு அளவு மாதிரித் தீவைப் பார்த்த பிறகு கிடங்குகளுக்குள் போனால், எங்கே எது இருந்தது என்பது தெளிவாகும்.

அந்தக் கிடங்குகளில் தமிழர் ஒருவர் நின்று யோசிக்க வேண்டிய செய்தி உண்டு. டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக இங்கே கொண்டுவந்த சரக்கில் சர்க்கரை, நறுமணப் பொருள்கள், தோல் ஆகியவற்றோடு சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் இருந்தன. பழவேற்காடும், பின்னர் நாகப்பட்டினமும் அந்தக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடங்களாக இருந்த காலம் அது. நம் கரையின் கோடுபோட்ட துணி, மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் பெயராலேயே ஜப்பானில் ‘சாந்தோமே’ என்று வழங்கியது. அங்கே அதற்கு இருந்த மதிப்பைக் கண்டு ஜப்பானிய நெசவாளர்களே அதைப்போல் நெய்யத் தொடங்கினார்கள். 1668இல் டச்சுக்காரர் வெள்ளியை ஏற்றிச் செல்வதற்குத் தடை வந்ததும் செம்பே முதன்மையான ஏற்றுமதியாயிற்று. ஜப்பானியச் செம்புக் கட்டிகள் அதே கப்பல்களில் திரும்பி வங்கக்கடல் துறைமுகங்களில் விற்கப்பட்டன. நெசவாளர் தெருக்களில் தறி ஓடியதற்கும் இந்த விசிறித் தீவில் கதவு திறந்ததற்கும் இடையே அப்படி ஒரு நேரடிப் போக்குவரத்து இருந்தது.

சரக்கோடு நூல்களும் வந்தன. டச்சு மொழியைக் குடும்பத் தொழிலாகப் பயின்ற நாகசாகியின் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத்தான் ஐரோப்பிய மருத்துவமும் வானியலும் ஜப்பானுக்குள் பரவின. 1823இல் டெஜிமாவுக்கு மருத்துவராக வந்த சீபோல்ட், தீவுக்கு வெளியே நருதாக்கியில் பள்ளி நடத்த அனுமதி பெற்றார். தடைசெய்யப்பட்ட வரைபடங்களை வைத்திருந்ததற்காக 1829இல் நாடு கடத்தப்பட்டார். அவருக்கும் ஜப்பானியத் துணைவிக்கும் பிறந்த மகள் குசுமோதோ இனெ, மேற்கத்திய மருத்துவம் பயின்று தொழில் செய்த முதல் ஜப்பானியப் பெண்களில் ஒருவர். 1857இல் போம்பெ என்ற டச்சு மருத்துவர் முறையான பாடத்திட்டத்தோடு மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். இன்றைய நாகசாகிப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு தன் பிறப்பை அந்த நாளிலிருந்தே கணக்கிடுகிறது. இந்த மருத்துவப் பள்ளியை நினைவில் வைத்திருங்கள். இரண்டாம் நாளில் மறுபடியும் வரும்.

டெஜிமாவிலிருந்து சிறிது தூரத்தில் ஷின்ச்சி சீனக்கடைத் தெரு. டச்சுக்காரரைவிடச் சீனர்கள்தான் இந்த ஊரின் அன்றாட வாழ்க்கையில் ஆழமாகக் கலந்தவர்கள். 1689இல் அவர்களையும் ஒரு சுற்றுச்சுவருக்குள் குடியேற்றினார்கள் என்றாலும், அதற்கு முன்பே அவர்கள் கட்டிய கோயில்கள் நிலைத்துவிட்டன. சோஃபுகுஜி கோயிலைத் தவறவிட வேண்டாம். 1629இல் ஃபூஜியன் பகுதிச் சீனர்களுக்காக நிறுவப்பட்ட இதன் முதன்மை மண்டபம் 1646ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செந்நிற வாயில்களும் சீனத் தச்சு வேலையும் ஜப்பானின் மற்றக் கோயில்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை. மண்டபமும் ஒரு வாயிலும் தேசியப் பொக்கிஷங்கள். முற்றத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பிரம்மாண்டமான இரும்புக் கொப்பரை இருக்கிறது. பஞ்சத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, 1682இல் தலைமைத் துறவி அதை வார்ப்பித்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். நம் ஊர்ப் பஞ்சகாலத்துக் கஞ்சித் தொட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதன் முன் சற்று நேரம் நிற்பார்கள்.

கோயிலிலிருந்து இறங்கி நகாஷிமா ஆற்றோரமாக நடந்தால் இரட்டை வளைவுக் கல்பாலம் வரும். 1634இல் மொகுசு என்ற சீனத் துறவி கட்டியது; நீரில் விழும் நிழலோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடி போலத் தெரியும். 1982 ஜூலை பெருவெள்ளம் ஏறத்தாழ முந்நூறு உயிர்களை வாங்கியபோது இந்தப் பாலமும் பகுதி இடிந்தது. ஆற்றில் கிடைத்த கற்களைக் கொண்டே மீண்டும் கட்டினார்கள்.

முதல் நாள் பிற்பகலுக்கு ஓவுரா தேவாலயமும் குளோவர் தோட்டமும் போதும். இங்கே தாயாரின் முழங்காலுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரும்பாலானோர் தேவாலயத்துப் பக்கமிருந்து மேட்டில் ஏறி மூச்சுவாங்குகிறார்கள். நீங்கள் ஐந்தாம் எண் டிராமில் கடைசி நிறுத்தமான இஷிபாஷி வரை போய்விடுங்கள். அருகிலேயே மலைச்சரிவில் சாய்வாக ஏறும் பொது மின்தூக்கி இருக்கிறது. அதில் ஏறி மேல்வாயில் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தால், பிறகு எல்லாம் இறக்கம்தான். 1863இல் கட்டப்பட்ட குளோவர் இல்லம் ஜப்பானில் எஞ்சியிருக்கும் மேற்கத்திய பாணி மரவீடுகளில் மிகப் பழையது. ஸ்காட்லாந்து வணிகரான தாமஸ் குளோவர் ஷோகன் என்ற படைத்தலைவரின் ஆட்சியை எதிர்த்த பிரபுக்களுக்குக் கப்பலும் துப்பாக்கியும் விற்றவர். பின்னர் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் கப்பல் பழுதுபார்க்கும் துறைக்கும் இயந்திரங்கள் கொண்டுவந்தவர். வீட்டுத் திண்ணையிலிருந்து எதிர்க்கரையைப் பார்த்தால் மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளமும், 1909இல் நிறுவப்பட்ட ராட்சத பாரந்தூக்கியும் தெரியும். முசாஷி என்ற மாபெரும் போர்க்கப்பல் 1940இல் நீரில் இறக்கப்பட்டது அந்தத் தளத்தில்தான். நாகசாகி ஒரு போர்த்தளவாட நகரமாகவும் இருந்தது என்பதை மறைக்காமல் பார்க்க வேண்டும்.

ஓவுரா தேவாலயத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். துறைமுகம் மற்ற நாட்டவருக்கும் திறக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டவருக்காக என்று சொல்லி பிரெஞ்சுக் குருமார் 1864இல் கட்டிமுடித்த கோயில் இது. ஜப்பானியர் கிறிஸ்தவராக இருப்பதற்கான தடை அப்போதும் நீடித்தது. 1865 மார்ச் 17 அன்று உராகாமிக் கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பாதிரியார் பெத்திஜானின் அருகே வந்து, எங்கள் நெஞ்சமும் உங்கள் நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, சாந்தா மரியாவின் உருவம் எங்கே என்று கேட்டார். குருவோ கோயிலோ இல்லாமல், புத்தமதத்தவராகப் பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துக் காட்டும்படி அதிகாரிகள் கட்டாயப்படுத்தியதையும் பொறுத்துக்கொண்டு, ஏழு தலைமுறைகளாக அவர்கள் இரகசியமாகத் திருமுழுக்கையும் செபங்களையும் பாதுகாத்து வந்திருந்தார்கள். அவர்கள் கேட்ட அந்த மரியா சுரூபம் இன்றும் கோயிலுக்குள் வலப்பக்கப் பீடத்தில் இருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

வெளிப்பட்டதற்கு அவர்கள் பெருவிலை கொடுத்தார்கள். 1867இல் தொடங்கிய கைதுகளில் உராகாமி மக்கள் 3,000க்கும் மேற்பட்டோர் நாட்டின் பல மூலைகளுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். சித்திரவதையிலும் பசியிலும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1873இல் தடை நீங்கி ஊர் திரும்பியவர்கள், எந்த ஊர்த்தலைவர் வீட்டில் தங்கள் முன்னோரைத் திருவுருவத்தின் மேல் மிதிக்க வைத்தார்களோ, அந்த மனையையே விலைக்கு வாங்கினார்கள். அங்கே பணம் சேர்ந்தபோதெல்லாம் செங்கல் அடுக்கி, 1895 முதல் 1914 வரை ஒரு பேராலயம் கட்டினார்கள். கிழக்காசியாவிலேயே பெரியதென்று சொல்லப்பட்ட கோயில் அது. இந்த மறைந்த கிறிஸ்தவர்கள் தொடர்பான இடங்கள் ஓவுராவோடு சேர்த்து 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

இரண்டாம் நாள் காலையில் உராகாமிக்குப் போகும் முன், நிலையத்துக்கு எதிரே உள்ள நிஷிசாகா மேட்டுக்கு ஏறுங்கள். ஐந்து நிமிட நடைதான், ஆனால் சரிவு. 1597 பிப்ரவரி 5 அன்று இருபத்தாறு கிறிஸ்தவர்கள் இங்கே சிலுவையில் அறையப்பட்டார்கள். கியோத்தோவில் அவர்களின் காதைச் சிதைத்து, கடுங்குளிரில் இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டுவந்தார்கள். ஃபுனாகோஷி யசுதாகெ வடித்த வெண்கல நினைவுச் சுவரில் அவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பாதங்கள் தரையில் பதியாமல் கீழ்நோக்கித் தொங்குகின்றன. சிறுவர்களின் உருவங்கள் அளவிலேயே சிறியவை. மிக இளையவனுக்கு வயது பன்னிரண்டு. அந்த இருபத்தாறு பேரில் கொன்சாலோ கார்சியா, மும்பைக்கு அருகில் உள்ள வசாயில் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர். 1862இல் புனிதர் பட்டம் பெற்றதன் மூலம் இந்திய மண்ணில் பிறந்த முதல் புனிதரானார். பக்கத்தில் உள்ள சிறு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது உராகாமி. 1945 ஆகஸ்ட் 9 அன்று புளூட்டோனியக் குண்டோடு வந்த அமெரிக்க விமானத்தின் முதல் இலக்கு கொக்குரா என்ற நகரம். அங்கே இலக்குக் கண்ணுக்குத் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. குறிவைத்த இடம் நான் முதலில் சொன்ன நகாஷிமா ஆற்றங்கரைப் பழைய நகரம். மேகமூட்டத்தில் கிடைத்த இடைவெளியில் போட்ட குண்டு, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் விலகி, 11 மணி 2 நிமிடத்துக்கு உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல் 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. இடையே இருந்த மலை முகடு பழைய நகரத்தின் பெரும்பகுதியை மறைத்துக் காத்தது. முதல் நாள் நீங்கள் பார்த்த சோஃபுகுஜியும் கல்பாலமும் குளோவர் வீடும் ஓவுரா தேவாலயமும் இன்று நிற்பது அதனால்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 74,000 பேர் இறந்தார்கள். உராகாமியின் கத்தோலிக்கர் 12,000 பேரில் 8,500 பேர் அவர்களில் அடக்கம் என்று கணக்கிடுகிறார்கள். 250 ஆண்டு அடக்குமுறையால் அழிக்க முடியாத சமூகம் அது. பேராலயத்தில் அந்தக் காலையில் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. சற்றுத் தள்ளி, போம்பெயின் வழித்தோன்றலான மருத்துவக் கல்லூரியும் அதே பள்ளத்தாக்கில்தான் இருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் நூற்றுக்கணக்கில் மாண்டதால், காயம்பட்ட நகரத்துக்கு மருந்திட வேண்டியவர்களே முதலில் இல்லாமல் போனார்கள். துறைமுகம் நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த இரண்டு செல்வங்கள், வேற்று மண்ணிலிருந்து வந்த நம்பிக்கையும் மருத்துவமும், ஒரே நொடியில் அங்கே எரிந்தன. முதல் நாளைத் துறைமுகத்துக்குக் கொடுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

அருங்காட்சியகத்தில் 11:02இல் நின்றுபோன கடிகாரம், உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிக் குப்பிகள், சோறு கரியாகிப்போன ஒரு மாணவியின் உணவுப்பெட்டி எல்லாம் இருக்கின்றன. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உடன் வந்தால், தீக்காயப் புகைப்படங்கள் உள்ள பகுதியைப் பெரியவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. வெளியே வந்ததும், வெடிப்புக்கு நேர்கீழான இடத்தில் கறுப்புக் கல்தூண் நிற்கிறது. அருகில் பழைய பேராலயச் சுவரின் ஒரு துண்டு. அங்கிருந்து அமைதிப் பூங்காவுக்கு ஏறினால், 9.7 மீட்டர் உயரச் சிலைக்கு முன்பாக ஒரு நீரூற்று வரும். தாகம் தாங்காமல், மேலே எண்ணெய் மிதந்த தண்ணீரை அப்படியே குடித்ததாக ஒரு சிறுமி எழுதிய வரிகள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவர்களுக்குத் தண்ணீர் படைப்பது இந்த ஊர் வழக்கமாகிவிட்டதால், நினைவுக்கற்களின் முன் நீர்ப்புட்டிகள் வைத்திருப்பதைக் காண்பீர்கள். பூங்காவின் ஓரத்தில் தெரியும் சுவர் அடித்தளங்கள் ஒரு சிறைச்சாலையின் எச்சம். அதிலிருந்த 134 பேரும் இறந்தார்கள். அவர்களில் கொரியரும் சீனரும் உண்டு.

பெருஞ்சிலையைவிட என் மனம் பேராலயத்திடமும் சன்னோ ஆலயத்திடமுமே தங்குகிறது. 1959இல் மறுபடி கட்டப்பட்ட பேராலயத்தின் முன்னே, முகம் சிதைந்தும் தலை இழந்தும் போன பழைய கற்சிலைகளை அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். பக்கவாட்டில் இறங்கினால், கோபுரத்திலிருந்து வீசியெறியப்பட்டு உருண்ட ஐம்பது டன் எடையுள்ள மணிக்கூண்டு, விழுந்த சரிவிலேயே புதைந்து கிடக்கிறது. இரண்டு மணிகளில் ஒன்று அன்றே நொறுங்கிவிட்டது; அமெரிக்கக் கத்தோலிக்கர் நன்கொடை திரட்டி அனுப்பிய புதிய மணி 2025 ஆகஸ்ட் 9 அன்று, எண்பதாம் நினைவு நாளில், பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது. அருங்காட்சியகத்திலிருந்து தெற்கே நடக்கும் தூரத்தில் உள்ள சன்னோ ஷின்தோ ஆலயத்தில், படிக்கட்டின் உச்சியில் கல்வாயில் ஒற்றைக் காலில் நிற்கிறது. வெடிப்பை நோக்கியிருந்த தூண் விழுந்துவிட, மற்றொன்று தலைக்கல்லின் பாதியைச் சுமந்துகொண்டு அப்படியே இருக்கிறது. உள்ளே இரண்டு பெரிய கற்பூர மரங்கள். எரிந்து இலையற்று நின்ற அவை மறுபடி துளிர்த்தன. காற்று வீசினால் அவற்றின் அடியில் நிற்பவருக்குப் பேச்சு கேட்காத அளவுக்கு இலைகள் இரைகின்றன.

போக்குவரத்துக்கு டிராம் ஒன்றே போதும். 1915 முதல் ஓடுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். பின்கதவில் ஏறி முன்கதவில் பணம் செலுத்தி இறங்க வேண்டும். ஒன்றாம் எண் வண்டி அமைதிப் பூங்கா, நிலையம், டெஜிமா, சோஃபுகுஜி ஆகியவற்றை இணைக்கிறது. ஓவுராவுக்குச் செல்ல ஷின்ச்சி சீனக்கடைத் தெரு நிறுத்தத்தில் ஐந்தாம் எண்ணுக்கு மாறுங்கள். டெஜிமாவைச் சுற்றியோ நிலையத்தை ஒட்டியோ அறை எடுத்தால் மேடு ஏற வேண்டியிருக்காது. சரிவுகளில் உள்ள அழகான விடுதிகளைப் பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் தவிர்க்கலாம்.

உணவு விஷயத்தில் தந்தையாருக்குத் திட்டமிட்டுத்தான் ஆக வேண்டும். ஊரின் புகழ்பெற்ற சாம்போன், 1899இல் சீன மாணவர்களின் பசியாற்றத் தொடங்கிய கடையில் பிறந்த தடித்த நூடுல்ஸ். அதன் சாறு பன்றி, கோழி எலும்புகளில் காய்ச்சப்படுவது, மேலே கடலுணவு. காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் சாறு மாறாது. சாதாரண ஜப்பானியக் குழம்பிலும் உலர்மீன் சாறு இருக்கும். அறையோடு சிறு சமையலிடம் உள்ள விடுதி கிடைத்தால் அரிசியும் தயிரும் காய்கறியும் பேரங்காடியில் எளிதாகக் கிடைக்கும். கையோடு பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோவது இன்னும் நிம்மதி. முட்டை உண்பவர்கள் கஸ்தெராவை விட வேண்டாம். போர்ச்சுகீசியர் கற்றுக்கொடுத்து, 1624இல் தொடங்கிய கடை இன்றும் விற்கும் கேக் அது. வெண்ணெய் கிடையாது, அடியில் கரையாத பெரிய சர்க்கரைப் பரல்கள் பல்லில் நறுக்கென்று படும். டெஜிமாவில் இறங்கிய சர்க்கரை இந்த ஊர்ச் சமையலையே இனிப்பாக்கியது.

அக்டோபரில் போகிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கையும் ஒரு மகிழ்ச்சியும். 7 முதல் 9 வரை சுவா ஆலயத்தின் குன்ச்சித் திருவிழா. 1634 முதல் நடக்கும் இதில் சீனப் பறவைநாக ஆட்டமும், டச்சுக் கப்பல் வடிவத் தேர்களும் ஒரே மைதானத்தில் சுழல்கின்றன. ஒவ்வொரு தெருவுக்கும் ஏழாண்டுக்கு ஒருமுறை முறை வருவதால் எந்த ஆண்டும் அதே காட்சி திரும்பாது. அந்த நாள்களில் அறை கிடைப்பது அரிது. பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

மூன்றாம் நாள் இருந்தால், கைவிடப்பட்ட நிலக்கரித் தீவான ஹாஷிமாவுக்குப் படகுப் பயணம் உண்டு. 6.3 ஹெக்டேர் பாறையில் ஒரு காலத்தில் 5,000க்கும் மேற்பட்டோர் அடுக்குமாடிகளில் வாழ்ந்தார்கள். போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் இங்கே கட்டாயமாக உழைக்க வைக்கப்பட்டார்கள். 1974இல் சுரங்கம் மூடப்பட்டதும் தீவு காலியானது. அலை உயர்ந்தால் தீவில் இறக்கமாட்டார்கள், சுற்றிக்காட்டித் திரும்பிவிடுவார்கள். இறங்கினாலும் தடுப்பு கட்டிய நடைபாதையைத் தாண்ட முடியாது. படகின் ஆட்டமும் படிகளும் உங்கள் தாயாருக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். அதற்குப் பதிலாக, மாலையில் இனாசா மலைக்குக் கம்பிவட ஊர்தியில் அழைத்துச் செல்லுங்கள். 333 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு பள்ளத்தாக்குகளும், அவற்றைப் பிரிக்கும் முகடும், நீண்ட விரிகுடாவும் ஒரே பார்வையில் கிடைக்கும். காத்திருந்து மேலே போகும் நேரத்தைக் கணக்கிட்டு, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடிவார நிலையத்தை அடைந்துவிடுங்கள்.